நெருஞ்சியை உடைத்த அலகு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பள்ளியில் உயிரியல் கற்பித்த ஓர் ஆசிரியரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அதனால் பள்ளிப் பாடம் ஒன்றையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன்: உயிரினப் பரிணாமமும் இயற்கைத் தேர்வும். டார்வின் பெயரைக் கேள்விப்படாதவர் இந்த அரங்கில் யாரும் இருக்கமாட்டீர்கள். ஆனால் பரிணாமம் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். உயரத்தில் இருந்த இலையை எட்டி எட்டி ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீண்டது என்பார்கள். குரங்கு நிமிர்ந்து நின்று மனிதனாயிற்று என்பார்கள். கொசு மருந்துக்குப் பழகிக்கொண்டுவிட்டது என்பார்கள். மூன்று விடையிலும் இருப்பது ஒரே பிழை. ஓர் உயிர் தன் வாழ்நாளுக்குள், தன் தேவைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது, அந்த மாற்றம் பிள்ளைகளுக்குப் போகிறது என்ற நினைப்பு அது.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். பரிணாமத்தில் தனி உயிர் மாறுவதில்லை. எந்தப் பண்போடு பிறந்ததோ அதே பண்போடு வாழ்ந்து முடிகிறது. மாறுவது கூட்டம். யார் பிழைத்தார்கள், யார் குட்டி போட்டார்கள், யார் சந்ததி இல்லாமல் போனார்கள் என்ற கணக்கால் கூட்டத்தின் சராசரி தலைமுறைக்குத் தலைமுறை நகர்கிறது. இது மட்டும் மனத்தில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பதியாவிட்டால் எத்தனை புத்தகம் படித்தாலும் ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டிக்கொண்டேதான் இருக்கும்.

கோட்பாட்டைச் சொல்ல அதிக நேரம் வேண்டாம். ஓர் இனத்தின் உறுப்பினர்களுக்குள் வேறுபாடு இருக்கிறது. அந்த வேறுபாட்டில் ஒரு பகுதி பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. பிறப்பவை எல்லாம் பிழைத்து இனம் பெருக்குவதில்லை. யார் பிழைக்கிறார்கள் என்பதில் அந்த வேறுபாட்டுக்குப் பங்கு இருக்கிறது. இவை அனைத்தும் ஓரிடத்தில் கூடிவிட்டால் கூட்டம் மாறியே தீரும். அதற்கு மேல் விருப்பமோ முயற்சியோ நோக்கமோ தேவையில்லை. சார்லஸ் டார்வின் 1838இல் மால்தஸின் மக்கள்தொகைக் கட்டுரையைப் படித்தபோது இந்தச் சிந்தனைக்கு வந்து சேர்ந்தார். ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் மலாய்த் தீவுகளில் பறவையும் வண்டும் சேகரித்துக்கொண்டிருந்தபோது தாமாகவே அதே முடிவை எட்டி, 1858இல் தெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்கு எழுதி அனுப்பினார். அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டன. 1859 நவம்பரில் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது.

அந்தப் புத்தகத்தில் இரண்டு இடைவெளிகள் இருந்தன. பண்பு எப்படிப் பிள்ளைக்குப் போகிறது என்பது டார்வினுக்குத் தெரியாது. இயற்கைத் தேர்வு நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியும் என்றும் அவர் நினைக்கவில்லை. அது மிக மிக மெதுவானது, யுகங்கள் கழிந்த பிறகுதான் விளைவு தெரியும் என்று நம்பினார். முதல் இடைவெளியை மெண்டலும் அவருக்குப் பின் வந்த மரபியலாளர்களும் நிரப்பினார்கள். இரண்டாவது நிரம்பியதைத்தான் இன்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். டார்வின் 1835இல் சுமார் ஐந்து வாரம் தங்கியிருந்த அதே கலாபகஸ் தீவுக்கூட்டத்தில்தான் அது நிரம்பியது.

அங்கே டாஃப்னி மேஜர் என்று ஒரு தீவு இருக்கிறது. தீவு என்பதைவிடக் கடலில் நிற்கும் எரிமலை முகடு என்று சொல்லலாம். பரப்பு சுமார் 34 ஹெக்டேர், உயரம் 120 மீட்டர். குடிநீர் கிடையாது, ஆள் குடியிருப்பும் கிடையாது. படகைக் கட்ட மணற்கரைகூட இல்லை; அலை ஏறும் நேரம் பார்த்துப் படகிலிருந்து பாறை விளிம்பில் கால் வைக்க வேண்டும். தண்ணீர், அரிசி, கூடாரம் எல்லாவற்றையும் அப்படியே கைமாற்றி ஏற்ற வேண்டும். 1973இல் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி அங்கே ஆய்வைத் தொடங்கினார்கள். ஓரிரு ஆண்டு நினைத்து ஆரம்பித்தது 40 ஆண்டு நீண்டது. இரண்டு மகள்களும் ஆய்வுக் காலங்களில் அந்தத் தீவுகளுக்கு உடன் சென்றார்கள்.

அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். விடியற்காலையில் மெல்லிய வலையைக் கட்டுவார்கள். விழுந்த குருவியை எடுத்து, காலில் எண் பொறித்த உலோக வளையம் ஒன்றும் வண்ண வளையங்களும் போடுவார்கள். எடை பார்ப்பார்கள், இறக்கையையும் காலையும் அளப்பார்கள். பிறகு அளவுகோல் இடுக்கியால் அலகின் நீளம், அகலம், அடிப்பகுதியின் தடிமன் மூன்றையும் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை குறித்துக்கொண்டு பறக்க விடுவார்கள். அதன்பின் அந்தக் குருவி எங்கே கூடு கட்டுகிறது, யாரோடு சேர்கிறது, எத்தனை குஞ்சு பிழைக்கிறது, என்ன தின்கிறது, எப்போது சாகிறது என்று தொடர்ந்து பார்ப்பார்கள். தீவு சிறியது, குருவிகளோ மனிதரைக் கண்டு அஞ்சாதவை. ஏறத்தாழ எல்லாக் குருவியையும் தனித்தனியாக அடையாளம் தெரியும். பரிணாம ஆய்வில் இதற்கு முன் யாருக்கும் கிடைக்காத கணக்கு இது. கூட்டத்தின் சராசரி மாறுவதைக் காட்ட வேண்டுமானால் கூட்டத்தின் ஒவ்வோர் உறுப்பினரையும் அளந்திருக்க வேண்டும். அவர்கள் அளந்தார்கள்.

அங்கே அதிகம் இருந்தது நடுத்தரத் தரைக் குருவி என்னும் ஃபிஞ்ச் இனம். நம் வீட்டுச் சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். விதை தின்னும் பறவை. மழைக்காலத்தில் சிறிய, மென்மையான விதைகள் தரையெங்கும் கொட்டிக்கிடக்கும். அப்போது எல்லாக் குருவியும் அதையே பொறுக்கும், அலகின் அளவால் பெரிய வித்தியாசம் வராது. வறண்ட மாதங்களில் கடினமான விதைகள்தான் மிஞ்சும். அவற்றுள் மிகக் கடினமானது எது தெரியுமா? நெருஞ்சி. நம் தரிசிலும் வரப்பிலும் படரும் சிறுநெருஞ்சியின் உடன்பிறப்பான இனம், 'டிரிபுலஸ்' பேரினத்தைச் சேர்ந்ததே. வெறுங்காலில் நடந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காயைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். காய் முற்றியதும் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் முள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே கட்டை போன்ற ஓட்டுக்குள் விதைகள் அடுக்கி இருக்கும். குருவி அந்தத் துண்டைப் பாறையில் அழுத்திப் பிடித்து, அலகின் ஓரத்தில் வைத்துத் திருகி உடைத்து விதையை எடுக்க வேண்டும். தடித்த அலகுள்ள குருவி அதைச் செய்துவிடும். அலகு அரை மில்லிமீட்டர் குறைந்த குருவி முயன்று பார்க்காமலே நகர்ந்துவிடும்.

1977இல் மழை பொய்த்தது. அந்தத் தீவில் சாதாரணமாக மழைக்காலத்தில் 130 மில்லிமீட்டர் அளவில் பெய்யும். அந்த ஆண்டு பெய்தது 24 மில்லிமீட்டர். செடி முளைக்கவில்லை, புது விதை விழவில்லை. இருந்த சிறு விதைகளை எல்லாம் முதல் சில மாதத்திலேயே தின்று தீர்த்தாகிவிட்டது. பீட்டர் போக் என்ற ஆய்வு மாணவர் அப்போது தீவில் இருந்தார். தரையில் கிடக்கும் விதையையும் அவரும் மற்றவர்களும் எண்ணிவந்தார்கள். அளவு குறையக் குறைய, மிஞ்சிய விதையின் சராசரிக் கடினம் ஏறிக்கொண்டே போனது. குருவிகள் அந்த ஆண்டு இனம் பெருக்கவில்லை. பசியால் செத்து விழுந்தன. 1976இல் 1200 அளவில் இருந்த நடுத்தரத் தரைக் குருவிகள் 1977 முடியும்போது 180 அளவுக்குக் குறைந்தன. நூற்றுக்கு 85 போயிற்று.

இப்போது அளவுக் குறிப்பேட்டைத் திறந்தார்கள். வறட்சிக்கு முன் இருந்த குருவிகளின் அலகுத் தடிமன் சராசரி 9.42 மில்லிமீட்டர். பிழைத்தவற்றின் சராசரி 9.96 மில்லிமீட்டர். வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான். ஆனால் எந்தக் குருவியின் அலகாவது வளர்ந்ததா? இல்லை. பிழைத்த குருவிகளின் கால் வளையத்தைப் பார்த்துப் பழைய அளவோடு ஒப்பிடலாம். அவை முன்பு எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. நெருஞ்சியை உடைக்க முயன்று முயன்று அலகு தடித்த குருவி ஒன்றுகூட இல்லை. மெல்லிய அலகுக் குருவிகள் இறந்துபோனதால் மிஞ்சியவற்றின் சராசரி ஏறியது. மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சல்லடை மணலைச் சலிக்கிறது, கல்லைப் படைப்பதில்லை. தேர்வும் இருப்பதிலிருந்துதான் தேர்ந்தெடுக்கிறது. கூட்டத்தில் முன்பே தடித்த அலகுக் குருவிகள் இல்லாமல் இருந்திருந்தால், 1977ஆம் ஆண்டு அந்த இனத்தையே தீவிலிருந்து துடைத்திருக்கும்.

ஆனால் இதுவரை நடந்ததை மட்டும் பரிணாமம் என்று சொல்லிவிட முடியாது. இது தேர்வு மட்டுமே. பிழைத்தவற்றின் பண்பு பிள்ளைகளுக்குப் போனால்தான் பரிணாமம். அதையும் அவர்கள் விட்டுவிடவில்லை. பெற்றோர் அலகையும் வளர்ந்த குஞ்சுகளின் அலகையும் ஒப்பிட்டு, அலகுத் தடிமனில் காணும் வேறுபாட்டின் பெரும்பங்கு மரபுவழி வருவது என்று போக் முன்பே காட்டியிருந்தார். 1978இல் மழை வந்தது. பிழைத்த குருவிகள் கூடு கட்டின. புதிய தலைமுறையின் அலகு, வறட்சிக்கு முன் இருந்த தலைமுறையைவிட 4, 5 விழுக்காடு தடித்திருந்தது. ஒரே வறட்சி, ஒரே தலைமுறை. யுகங்கள் வேண்டும் என்று டார்வின் நினைத்தது, ஓர் ஆய்வு மாணவரின் முனைவர் பட்டக் காலத்துக்குள் நடந்து முடிந்தது.

பாடநூல்கள் பெரும்பாலும் இங்கேயே கதையை நிறுத்திவிடுகின்றன. அது எனக்கு வருத்தம். ஏனென்றால் அடுத்த பகுதிதான் இதைவிட முக்கியமானது. 1982 இறுதியில் எல் நினோ வந்தது. பாலைபோல் கிடந்த தீவில் 1983இல் 1300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கொடிகள் படர்ந்து நெருஞ்சியை மூடிவிட்டன. சிறு விதைகள் மலைபோல் குவிந்தன. அதையடுத்து 1984, 1985இல் மீண்டும் வறட்சி வந்தபோது தரையில் மிஞ்சியிருந்தது பெரும்பாலும் சிறு விதை. பெரிய அலகுக் குருவிக்குச் சிறு விதையைப் பொறுக்குவது சிரமம். உடம்பும் பெரிது, தீனியும் அதிகம் வேண்டும். இந்த முறை அவை செத்தன, சிறிய அலகுக் குருவிகள் பிழைத்தன. சராசரி திரும்பி வந்தது. இதற்கிடையே பெரிய தரைக் குருவி என்ற வேறோர் இனம் அந்தத் தீவில் குடியேறி, காலப்போக்கில் நெருஞ்சியைத் தன் வசமாக்கிக்கொண்டது. 2004ஐ ஒட்டிய வறட்சியில், நெருஞ்சிக்குப் போட்டியிட வேண்டியிருந்த தடித்த அலகுக் குருவிகள் நடுத்தர இனத்திலிருந்து பெருமளவில் மடிந்தன. 1977இல் உயிர் காத்த அதே அலகு 2004இல் உயிரை எடுத்தது.

இதைக் கேட்டபின் 'தகுதியுள்ளது பிழைக்கும்' என்ற சொற்றொடரை நாம் எச்சரிக்கையாகத்தான் கையாள வேண்டும். அது ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் உண்டாக்கியது. டார்வின் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869இல்தான் சேர்த்துக்கொண்டார். தகுதி என்பது குருவியின் நெற்றியில் எழுதி வருவதில்லை. அந்த ஆண்டு மழை எவ்வளவு, எந்த விதை விழுந்தது, பக்கத்தில் யார் குடியேறியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. வலியவன் வாழ்வதே இயற்கை நீதி, எளியவன் அழிவது இயற்கையின் கட்டளை என்று இந்தக் கோட்பாட்டின் பெயரால் சொன்னவர்கள் இருந்தார்கள். 1883இல் ஃபிரான்சிஸ் கால்டன் இனமேம்பாட்டியலுக்குப் பெயர் சூட்டினார். 1907இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், தகுதியற்றவர் என்று தான் கருதியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றியது. பின்னால் ஜெர்மனியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அறிவியல் என்ற அளவிலேயே அந்த வாதம் தவறு. டாஃப்னித் தீவின் எந்தக் குருவி மேலானது என்று கேட்டால், எந்த ஆண்டில் என்று திருப்பிக் கேட்பதைத் தவிர வேறு விடை கிடையாது. மனித சமூகத்தை எப்படி நடத்துவது என்று அந்தக் கணக்கில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

இன்னொரு செய்தியும் டாஃப்னியிலிருந்து சொல்ல வேண்டும். 1981இல் தொலைவில் உள்ள எஸ்பன்யோலா தீவிலிருந்து ஓர் ஆண் குருவி வந்து சேர்ந்தது. 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல்வழி. உருவம் பெரிது, பாட்டும் வேறு. உள்ளூர்ப் பெண் குருவியோடு சேர்ந்தது. அதன் வழித்தோன்றல்கள் தந்தையின் பாட்டைக் கற்றுத் தங்களுக்குள்ளேயே இணைசேரத் தொடங்கின. மரபணு ஆய்வு முடிந்து 2017இல் அந்த விவரம் வெளிவந்தது. தனி இனம் என்று பெயரிட இன்னும் காலம் வேண்டியிருக்கலாம். ஆனால் ஒரு கூட்டம் மற்றொன்றிலிருந்து பிரியும் முதற்படியை இத்தனை கிட்டத்தில் வேறு யாரும் பார்த்ததில்லை. அலகின் அளவோடு தொடர்புடைய மரபணு ஒன்றையும் 2016இல் அடையாளம் கண்டார்கள். 2004ஐ ஒட்டிய வறட்சியில் அந்த மரபணுவின் எந்த வடிவம் மடிந்தது, எது பிழைத்தது என்பதுகூடச் சேமித்துவைத்த இரத்தத் துளிகளிலிருந்து தெரிந்தது.

தற்செயலாக எல்லாம் நடந்தது என்று சொல்கிறீர்களா என்று சிலர் கேட்பது வழக்கம். பாதி உண்மை. புதிய வேறுபாடு தோன்றுவது தற்செயல். மரபணுவில் ஓர் எழுத்து பிசகுவது, அந்த உயிருக்கு அது தேவையா என்று கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. ஆனால் எந்த வேறுபாடு அடுத்த தலைமுறையில் பெருகும் என்பது தற்செயல் அன்று. அங்கே விதையும் முள்ளும் மழையும் முடிவு செய்கின்றன. குறிப்பாகச் சின்னஞ்சிறு கூட்டங்களில் வெறும் அதிர்ஷ்டமே ஒரு பண்பை ஏற்றிவிடலாம், இறக்கிவிடலாம். அதுவும் பரிணாமம்தான், ஆனால் இயற்கைத் தேர்வு ஆகாது.

நம் ஊருக்கு வருகிறேன். காசநோய்க்கு ஒரே நேரத்தில் நான்கு மருந்து ஏன் தருகிறார்கள்? நோயாளியின் நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. ஒரு மருந்துக்கு அசையாத கிருமி, மருந்து தொடங்குவதற்கு முன்பே அவற்றுள் சில இருக்கக்கூடும். அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை சாகும். அந்தச் சில பெருகும். இரண்டு மூன்று மருந்துக்கும் சேர்த்து அசையாத கிருமி இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது. ஐசோனியாசிட் மட்டும் தருவதைவிட அதோடு இன்னொரு மருந்தும் சேர்த்துத் தருவது நன்று என்பதும் அங்கே ஒப்பிட்டுப் பார்த்ததுதான். கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்வதில்லை. எந்தக் கிருமியும் எதற்கும் பழகவில்லை. பிழைத்தது வேறு கிருமி. மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள் என்று செவிலியர் சொல்வதற்குப் பின்னால் நிற்பது டாஃப்னியில் கண்ட அதே கணக்கு. இந்தக் கணக்கு பள்ளியிலேயே சொல்லித்தரப்பட வேண்டியது. ஆனால் 2023இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டார்கள். 1800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு நூலில் அந்தப் பாடம் இருக்கிறது. அது இருக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் பிள்ளைதான் நாளை மாத்திரை சாப்பிடப்போகிறவர், பயிருக்கு மருந்தடிக்கப்போகிறவர்.

கடைசியாக நீலகிரி. அங்கே பரவலாகக் காணும் ஒரு மரபணுவைப் பற்றிச் சொல்கிறேன். நம் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினில், பீட்டாச் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் அங்கே வாலின் வந்து உட்காரும். உயிர்வளி குறையும் இடத்தில் அத்தகைய ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுவை அரிவாள் போல வளைத்துவிடும். வளைந்த அணு சிறு குழாய்களை அடைக்கும், சீக்கிரம் உடையும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் இந்த மாறிய மரபணு வந்த குழந்தைக்கு அரிவாளணு நோய்: இரத்தசோகை, எலும்பை முறிப்பது போன்ற வலி, தொற்று. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் ஒரு தொல்லையும் தெரியாது.

1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபணு பரவலாக இருப்பதை வெளியிட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்த முதல் பதிவுகளில் அது ஒன்று. கேள்வி இயல்பாகவே எழும். குழந்தையைக் கொல்லும் ஒரு மரபணுவை இயற்கைத் தேர்வு ஏன் அடியோடு நீக்கவில்லை? இரண்டே ஆண்டில், 1954இல், கிழக்கு ஆப்பிரிக்காவில் பணிபுரிந்த அந்தோணி ஆலிசன் விடை தந்தார். மாறிய மரபணு ஒன்றே ஒன்று உள்ளவர்களைக் கடுமையான மலேரியா எளிதில் கொல்வதில்லை. மரபியலாளர் ஹால்டேன் தலசீமியாவைப் பற்றி இதுபோன்ற ஒரு கருத்தை 1949இலேயே சொல்லியிருந்தார். ஹால்டேன் நம்மவர் என்று நான் உரிமையோடு சொல்வேன். 1957இல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தா வந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர்.

கூடலூர், பந்தலூர், வயநாடு பக்கத்துக் காடுகள் ஒரு காலத்தில் மலைக்காய்ச்சலுக்குப் பெயர் போனவை. வெளியூர்க்காரர் தங்க அஞ்சிய இடங்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பணியர், குறும்பர், இருளர் குடும்பங்களில் இந்தக் கணக்கு நடந்திருக்கிறது. மரபணு அரிதாக இருக்கும்போது அது ஒற்றையாகவே வரும். ஒற்றையாக வந்தவர் மலேரியாவில் பிழைப்பார், மரபணு பெருகும். பெருகப் பெருக இரட்டையாகப் பிறக்கும் குழந்தைகள் கூடும். அவர்கள் இறக்க, மரபணு குறையும். இரண்டு இழுப்புக்கும் நடுவில் ஓர் அளவில் வந்து நிற்கும். ஒற்றை மரபணு உள்ள இருவர் மணந்தால், சராசரியாக நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு மாறிய மரபணு இல்லை, இரண்டுக்கு ஒற்றை, ஒன்றுக்கு இரட்டை. அந்த இரண்டு குழந்தைகளின் பாதுகாப்புக்கு நான்காவது குழந்தை விலை கொடுத்தது. இதை இயற்கையின் அருமையான ஏற்பாடு என்று யாராவது வியந்தால் எனக்கு மனம் ஒப்பாது. அறிவுள்ள யாரும் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்யமாட்டார்கள். தேர்வுக்கு முன்யோசனை இல்லை, இரக்கமும் இல்லை. கையில் கிடைத்த வேறுபாட்டில் கூட்டத்தின் கணக்கை மட்டும் அது நேர்செய்கிறது.

மலேரியா அந்த மலைகளில் இன்று பெரும்பாலும் அடங்கிவிட்டது. அப்படியானால் மரபணு தானாகவே மறைந்துவிடுமா? கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சமூகத்தில் இந்த மரபணுவின் விகிதம் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேரில் 18 பேருக்கு ஒற்றை மரபணு, ஒருவருக்கு நோய். மலேரியாவே இல்லை, நோய் உள்ள குழந்தைகள் அத்தனை பேரும் பிள்ளை பெறும் வயதுக்கு முன் இறந்துவிடுகிறார்கள் என்று மிகக் கொடுமையான நிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அந்த விகிதம் பாதியாகக் குறைய 10 தலைமுறை வேண்டும். 250 ஆண்டு. அதில் பாதியாக இன்னும் 20 தலைமுறை, மேலும் 500 ஆண்டு. ஒற்றை மரபணு உள்ளவர்களிடம் அது மறைந்து இருப்பதால் தேர்வின் கை அதை எட்டுவதில்லை.

நோய் உள்ள குழந்தைகளுக்குப் பென்சிலின் கொடுத்து, தடுப்பூசி போட்டு, ஹைட்ராக்சியூரியா தந்து, அவர்கள் வளர்ந்து பிள்ளை பெற்றால் அந்த மெல்லிய சரிவும் ஏறத்தாழ நின்றுவிடும். நின்று போகட்டும். மரபணு இருக்கும், நோயாளி பிழைத்திருப்பார். 2023 ஜூலை 1ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கிய தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டமிட்டு, 2047ஐ இலக்காக வைத்திருக்கிறது. இடையில் இருப்பது 24 ஆண்டு. நாம் போட்ட கணக்கில் ஏறத்தாழ ஒரு தலைமுறை. அதற்குள் இயற்கைத் தேர்வால் நூற்றில் 18 பேர் என்பது நூற்றில் 16, 17 என்று ஆகும், அவ்வளவுதான். ஆகவே பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தமும், மாதம் தவறாமல் மலைக் குடியிருப்பு வரை போய்ச் சேரும் மாத்திரையும்தான் அங்கே வேலை செய்ய வேண்டியவை. உயிரியல் படிக்கும் மாணவர்களில் சிலராவது அந்த வேலைக்குப் போக வேண்டும் என்பது என் வேண்டுகோள்.